ஒன்பது சதவீதம்

ஒன்பது. சற்று முன்னால் பார்த்தபோதும் ஒன்பதுதான். நிற்கிற வண்டியில் எண் எப்படி மாறும், ஓடினால் குறையும், சார்ஜ் போட்டால் ஏறும், இரண்டும் இல்லாமல் வேடசந்தூர் தாண்டி நெடுஞ்சாலை ஓட்டல் ஒன்றின் தகரக் கொட்டகைக்கு வெளியே வெயிலில் நிற்கிற வண்டிக்கு ஒன்பது ஒன்பதாகவேதான் இருக்கும். இது தெரியாதவரல்ல செங்கோடன். தெரிந்தும் பார்த்தார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்று பதினான்கு. பின்சீட்டில் துணிக்கடைப் பை இருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தார், இருந்தது, மூன்றாம் தடவையாக இருந்தது. அதற்குள் அக்காவுக்குப் போர்த்த வேண்டிய கோடிச் சேலை. பிறந்த வீட்டுக் கோடி. அதைப் போர்த்தாமல் எடுக்கமாட்டார்கள், எடுத்தால் அது பிறந்த வீடு இல்லாதவளை எடுத்த மாதிரி, பிறந்த வீட்டில் இப்போது மிச்சமிருப்பது அவர் ஒருவர்தான். மூன்று மணிக்கு ராகு காலம் ஆரம்பம், செவ்வாய்க்கிழமை, அதற்குள் எடுத்தாக வேண்டும் என்று காலையிலேயே சொல்லிவிட்டார்கள். அக்கா வீடு செம்பட்டி தாண்டி. இங்கிருந்து நாற்பத்தேழு கிலோமீட்டர். எதிர்க்காற்றில் ஒரு சதவீதத்துக்கு ஒன்றே முக்கால் கிலோமீட்டர்தான் வண்டி ஓடுகிறது. ஒன்பதை ஒன்றே முக்காலால் பெருக்கினால் பதினைந்தே முக்கால். பதினைந்தே முக்கால் கிலோமீட்டரில் திண்டுக்கல்கூட வராது. கொட்டகைக்குள் சார்ஜர் இரண்டு. ஒன்றில் சிவப்பு விளக்கு எரிந்தது, இரண்டு வாரமாக வேலை செய்யவில்லை என்று வாட்ச்மேன் சொன்னார். மற்றதின் கன், அந்த வயர் முனைக் கைப்பிடி, ஒரு பெரிய வெள்ளைக் காரின் விலாவில் மாட்டியிருந்தது. அந்தக் காரில் ஆள் இல்லை. சார்ஜரின் திரையில் அதன் எண் தெரிந்தது. எண்பத்து நான்கு. எண்பத்து நான்கு போதாதா ஒரு வண்டிக்கு. எண்பத்து நான்கில் பாதியைக் கொடுத்தால் அவர் போய்ச் சேர்ந்து திரும்பியும் வந்துவிடுவார். பெட்ரோலாக இருந்தால் ஒரு குழாய் போட்டு உறிஞ்சி ஒரு பாட்டிலில் பிடித்துக்கொள்ளலாம், ரோட்டில் நின்ற எத்தனை வண்டிக்கு அவரே பிடித்துக் கொடுத்திருக்கிறார். இதை எதில் பிடிப்பது.

வந்து நின்றபோது ஒன்று ஆகப் பத்து நிமிடம் இருந்தது. இன்ஜின் அணைக்கிற சத்தமும் கிடையாது இந்த வண்டிக்கு, நின்றதா ஓடுகிறதா என்று பொத்தானைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும், அந்தப் பொத்தானை அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. அக்கா மகன் குணசீலன். பின்னால் சங்குச் சத்தம், பெண்கள் குரல், யாரோ நாற்காலியை இழுக்கிற சத்தம். மாமா எங்க வந்துட்டு இருக்கீங்க என்று கேட்டான். அதற்கு இரண்டு வார்த்தையில் பதில் இருந்தது, வேடசந்தூரில் சார்ஜுக்கு நிற்கிறேன் என்று. அந்த நேரம் பார்த்துப் பின்னாலிருந்து குணசீலனின் சித்தப்பா குரல், அந்தப் பொம்மைக் காரை எடுத்துக்கிட்டு வரேன்னாரே, பஸ்ஸுல வந்திருந்தா இந்நேரம் வந்து சேர்ந்திருக்கலாம்ல என்றது. சத்தமாகச் சொல்லவில்லை, பக்கத்தில் இருப்பவரிடம் சொன்னது. ஆனால் கேட்டுவிட்டது. கேட்டதும் செங்கோடனுக்குக் காது சூடாகி, நாக்கு தானாக, திண்டுக்கல் தாண்டிட்டேன் குணா என்றது. சொன்னது அவர்தானா என்று இன்னும் சந்தேகமாக இருந்தது. சரிங்க மாமா, அப்ப அரை மணியில வந்துருவீங்க என்று அவன் வைத்துவிட்டான். முப்பத்து நான்கு வருடம் இராசிபுரம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக ஒரே மர மேஜையின் பின்னால் உட்கார்ந்து, வண்டி வந்த நேரம், புறப்பட்ட நேரம் என்று நோட்டுப் போட்டவர். ஒரு நிமிடம் முன்னால் போட்டுக் கொடுங்கண்ணே என்று எத்தனை டிரைவர்கள் கெஞ்சியிருக்கிறார்கள், டீ வாங்கி வந்து வைத்திருக்கிறார்கள், மிரட்டியும் இருக்கிறார்கள். ஒரு நிமிடம் மாற்றிப் போட்டதில்லை. எட்டாவதோடு நின்ற படிப்பு, பேசத் தெரியாது, கூட்டத்தில் நாலு பேர் பார்த்தால் கை எங்கே வைப்பதென்று தெரியாது, ஆனால் மணி மட்டும் சரியாகச் சொல்வார். பஸ் ஸ்டாண்டுக்கு வருகிறவர்கள் சுவர்க் கடிகாரத்தை விட்டுவிட்டு அவரிடம் கேட்பார்கள். அப்படிப்பட்ட வாயிலிருந்து இருபத்தைந்து கிலோமீட்டர் பொய். ஒரு நிமிடம் இரண்டு நிமிடம் இல்லை. இனி ஒன்று இருபதுக்கு அவர்கள் தெருமுனையைப் பார்ப்பார்கள். ஒன்றரைக்குப் பார்ப்பார்கள்.

எங்கே பிசகியது என்று திரும்பத் திரும்ப அங்கேயே போனார். காலை ஐந்து நாற்பதுக்குச் செய்தி வந்தது. அம்மா தூக்கத்துலயே போயிடுச்சு மாமா, காபி போட்டு எழுப்பினேன், எழுந்திரிக்கல. வண்டியில் அப்போது நாற்பத்தாறு. ஐந்து ஐம்பத்திரண்டுக்குப் பிளக்கைச் சொருகினார், வீட்டுப் பிளக்கில் மணிக்குப் பதினொன்று ஏறும், பத்தரை வரை போட்டால் தொண்ணூற்று ஏழு, அது போதும், நடுவில் எங்கும் நிற்காமல் ஒரே ஓட்டம். கணக்கில் பிசகில்லை. ஒன்பது மணிக்கு மின்விசிறி நின்றது. அப்போதுதான் ஞாபகம் வந்தது, மாதாந்திரப் பராமரிப்பு, இன்று ஒன்பதிலிருந்து ஐந்து வரை கரண்டு இல்லை, பேப்பரில் போட்டிருந்ததை அவரே பேனாவால் கோடு போட்டுக் காலண்டரில் எழுதி வைத்திருக்கிறார். எழுதி வைத்ததை மறந்தது இதுதான் முதல் தடவை. அக்கா செத்ததா, கரண்டு போகும் என்பதா, இரண்டையும் ஒரே காலையில் நினைவில் வைத்துக்கொள்ள மண்டையில் இடம் இல்லாமல் போயிற்றா. எண்பத்தொன்றில் நின்றது. துணிக்கடை திறக்க ஒன்பதே முக்கால் ஆயிற்று. என்ன விசேஷங்கய்யா என்று அந்தப் பெண் கேட்டாள். கோடி என்று சொல்ல வேண்டும், சொன்னால் அவள் முகம் மாறும், அடுத்த கேள்வி வரும், யாருக்குங்க என்பாள். சும்மா கட்டத்தான் என்றார். அவளும் சிரித்துக்கொண்டு, வயசு எவ்வளவுங்க, என்ன நிறம்ங்க என்று பத்துச் சேலையைப் பிரித்துப் போட்டு, கடைசியில் கத்தரிப்பூ நிறத்தில் ஒன்றை எடுத்து, இதைக் கட்டினா அம்மாவுக்கு எடுப்பா இருக்கும் என்றாள். எடுப்பாகத்தான் இருக்கும். படுத்திருப்பவளுக்கு எடுப்பென்ன, ஆனால் இருக்கும், அக்கா மாநிறம். பத்து பத்துக்குக் கிளம்பினார்.

நாமக்கல் வரை காற்றில்லை. கரூர் தாண்டி அரவக்குறிச்சி வரும்போது ஆடிக் காற்று வண்டியை முகத்தில் கை வைத்துத் தள்ளியது, ரோட்டின் இரண்டு பக்கமும் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன, அவை சுற்றச் சுற்ற இவருடைய எண் இறங்கியது. அங்கே கரண்டு உண்டாகிறது, இங்கே கரண்டு தீர்கிறது, ஒரே காற்று. ஐம்பதுக்கு மேல் போகாமல் ஓட்டினார். ஏசியை அணைத்தார். கண்ணாடியை இறக்கினால் காற்று உள்ளே புகுந்து இன்னும் இழுக்கும் என்று மகன் சொல்லியிருக்கிறான், அதனால் ஏற்றியே வைத்தார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு தாண்டிப் போயின. மகன் முரளிதரன் துபாயில் இருக்கிறான். அவன்தான் இந்த வண்டியை வாங்கி வைத்தது. அவனுடைய போனில் இந்த வண்டி தெரியும், எங்கே நிற்கிறது, எவ்வளவு சார்ஜ் என்று அங்கிருந்தே பார்ப்பான். ஞாயிற்றுக்கிழமை பேசும்போது, அப்பா வண்டி முப்பத்தெட்டுல இருக்கு, போடுங்க என்பான். சாப்பிட்டீங்களா என்று கேட்பதற்கு முன்னால் அதைத்தான் சொல்வான். குறை சொல்வதற்கில்லை. அதுவும் ஒரு விசாரிப்புதான். சில நாள் செங்கோடன் வேண்டுமென்றே முப்பதுக்குக் கீழே விட்டு வைப்பார், சொல்லட்டும் என்று. காலையில் அத்தை போன செய்தியைச் சொன்னபோது, என்னால வர முடியாதுப்பா, நீங்க பஸ்ஸுல போங்க, அந்த ரூட்டுல சார்ஜர் சரியா இல்ல என்றான். சரி என்றார். சரி என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். இப்போது அவன் வேலை செய்கிற இடத்தில் போனை எடுத்துப் பார்த்தால் தெரியும், அப்பா ஒன்பதில், வேடசந்தூரில். பார்த்தால் கூப்பிடுவான். கூப்பிடவில்லை. பார்த்திருக்கமாட்டான்.

ஏன் வண்டியை எடுத்தார் என்று யாரும் கேட்கவில்லை, கேட்டாலும் சொல்லத் தெரியாது. வண்டி வந்து ஏழு மாதம் ஆகிறது. வந்த நாளிலிருந்து அக்கா கேட்டுக்கொண்டிருந்தாள். ராத்திரி ஏழு மணிக்குப் பேசுவாள், தினமும், ஏழு என்றால் ஏழு, அதை வைத்து அவர் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்ளலாம் போல. என்ன சாமி, காரு வாங்கினயாமா, ஒரு தடவை என்ற வாசல்ல கொண்டாந்து நிறுத்து, நான் ஏறி உக்காந்து பாக்கறேன் என்பாள். அவருக்கும் ஆசைதான். நோட்டில் கணக்குப் போட்டார். நூற்று எழுபத்திரண்டு கிலோமீட்டர். முழுதாகப் போட்டால் போய்ச் சேரலாம், திரும்ப வருவதற்கு அங்கே போட வேண்டும். அங்கே போட வேண்டுமானால் பிளக்கில் எர்த்து இருக்க வேண்டும், எர்த்து இல்லாத பிளக்கில் இந்த வண்டி சார்ஜ் ஏற்றிக்கொள்ளாது, சிவப்பு விளக்கு காட்டி முரண்டு பிடிக்கும். அக்கா வீடு பழைய ஓட்டு வீடு. அக்கா, உங்க வீட்டுல எர்த்து இருக்கா என்று கேட்டார். அதென்ன சாமி எர்த்து, மண்ணா, மண்ணு நிறைய இருக்கு வா என்றாள். விளக்கிச் சொன்னார். எர்த்து இருந்தாத்தான் தம்பி வருவானாக்கும் என்று சிரித்தாள். பத்து நாள் கழித்து ஏழு மணிக்குப் போனில், சாமி, குழி தோண்டியாச்சு என்றாள். எலக்ட்ரீசியனைக் கூட்டி வந்து, வாசலில் முருங்கை மரத்துக்கு அந்தப் பக்கம் ஆறடிக்குக் குழி எடுத்து, குழாயை இறக்கி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு மூடியிருக்கிறார்கள். ஈரம் காயக்கூடாதுன்னான், தினம் ஒரு குடம் தண்ணி ஊத்தறேன், செடிக்கு ஊத்தற மாதிரி ஊத்திக்கிட்டிருக்கேன், என்ன முளைக்குதுன்னு பாப்போம் என்றாள். அதற்குப் பிறகு அவருக்குச் சாக்கு இல்லை. ஆனாலும் சொன்னார். நடுவுல ஒரு சார்ஜர் வரட்டும் அக்கா, இந்தக் காத்து அடங்கட்டும், ஆவணியில வரேன். நூற்று எழுபத்திரண்டில் பத்துக் கிலோமீட்டர் குறைந்தால் நடுரோட்டில் நிற்க வேண்டும், நின்றால் யாரையாவது கூப்பிட வேண்டும், கூப்பிட்டால் பேச வேண்டும். அந்தப் பயத்துக்குத்தான் ஆவணி என்று பெயர் வைத்தார். சரி சாமி, உன் சௌகரியம் என்றாள். நேற்று ஏழு மணிக்கும் பேசினாள். ரசம் வைத்ததைச் சொன்னாள். தண்ணி ஊற்றியதைச் சொன்னாளா, நினைவில்லை. நேற்று ஊற்றினாளா. இன்று யார் ஊற்றியிருப்பார்கள், பிணம் கிடக்கிற வீட்டில் யாருக்கு அது தோன்றும், அவள் செத்து நாளாக நாளாக அந்தக் குழி காயும், காய்ந்த எர்த்து பிடிக்காது.

ஒன்று இருபத்தாறு. வெள்ளைக் கார் எண்பத்தெட்டு. எண்பது வரை சரசரவென்று ஏறியிருக்கும், எண்பதுக்கு மேல் கொக்கு நடை, கடைசி இருபதுக்கு முதல் அறுபதுக்கு ஆகிற நேரம் ஆகும், எல்லா வண்டியும் அப்படித்தான். இது அவர்களுக்குத் தெரியாதா. தெரிந்து நூறுக்குப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறார்கள் என்றால் என்ன மனிதர்கள். இப்படி நினைத்ததும், தெரியாமல் போட்டிருந்தால் பாவம் என்றும் நினைத்தார். வாட்ச்மேன் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டு வந்தார். அவர் பெயர் மாயழகு என்று சட்டையில் இருந்தது. உள்ளதான் சாப்பிடறாங்க, புருசன் பொண்டாட்டி, ஒரு பாப்பா, ஜன்னலோர டேபிள், சொல்லி எடுக்கச் சொல்லட்டுங்களா என்றார். இதற்கும் ஒரு வார்த்தைதான் பதில். வேண்டாம் வேண்டாம், சாப்பிடட்டும், பரவாயில்ல என்றார் செங்கோடன். மாயழகு அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டு நிழலுக்குப் போனார். பரவாயில்லை என்று ஏன் சொன்னார். பரவாயில்லாமல் இருக்கிறதா. சாப்பிடுகிறவர்களிடம் போய்ச் சாவைச் சொல்வதா, பாப்பா வேறு இருக்கிறது. சொல்லாமல் வண்டியை மட்டும் எடுக்கச் சொன்னால், ஏன் அவசரம் என்று கேட்பார்கள், கேட்டால் சொல்ல வேண்டும். காலையிலிருந்து அவர் வாயால் யாரிடமும் அக்கா செத்துவிட்டாள் என்று சொல்லவே இல்லை. மகனிடம்கூட, அத்தை போயிடுச்சு என்றார், அது வேறு, போவதும் வருவதும் எப்போதும் உள்ளது, அவர் நோட்டு முழுக்க அதுதான். பஸ்ஸில் போகலாம். இங்கிருந்து எந்த பஸ்ஸும் நிற்காது, பைபாஸ், கை காட்டினால் காற்றை அடித்துவிட்டுப் போவான், அவருக்கே தெரியும், நிறுத்தாத இடத்தில் நிறுத்தியதற்கு அவரே எழுதிப் போட்டிருக்கிறார். திண்டுக்கல்லில் ஒரு கார் கம்பெனியில் சார்ஜர் இருப்பதாகப் போன் காட்டுகிறது, இருபத்தொரு கிலோமீட்டர், பதினைந்தே முக்கால் எப்படி இருபத்தொன்று ஆகும். ஓட்டல் சுவரில் வாடகைக் கார் என்று ஒரு எண் எழுதியிருந்தது, கடைசி இரண்டு இலக்கத்தின் மேல் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். எழுந்து போய் விரலால் தடவிப் பார்த்தார். ஏழா ஒன்றா. தெரியவில்லை. திரும்ப வந்து உட்கார்ந்தார். ஒன்பது.

ஒன்று முப்பத்து மூன்றுக்குப் போன் அடித்தது. எடுக்காமல் இருக்கலாம் என்று மூன்று மணியடிப்பு வரை நினைத்தார். நான்காவதில் எடுத்தார். மாமா. குணசீலனின் குரலே வேறு மாதிரி இருந்தது, மூச்சு வாங்கியது. எங்க இருக்கீங்க மாமா. உங்களைத் தேடி ரெண்டு பேரு பைக்குல செம்பட்டி தாண்டிப் போய்ட்டாங்க, வழியில எங்கயும் காரு இல்லங்கறாங்க. ஒன்னு இருபதுக்கு வந்திருக்கணும், மாமா ஒரு நிமிஷம் முன்னப்பின்ன ஆகமாட்டாரே, ரோட்டுல என்னமோ ஆகிப் போச்சுன்னு நானே பயந்துட்டேன். இங்க அம்மாவை வெச்சுக்கிட்டு உங்களுக்கு ஏதாச்சும்னா நான் எங்க போவேன். செங்கோடன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார். தேடிப் போயிருக்கிறார்கள். திண்டுக்கல் ரோட்டில், புளியமரம் புளியமரமாக, ஓரத்தில் கவிழ்ந்த வண்டி ஏதும் உண்டா என்று இரண்டு பேர் பார்த்துக்கொண்டு வருகிறார்கள். அவர் இல்லாத ரோட்டில் அவரை. மனைவி போன பிறகு மூன்று வருடத்தில் அவரைக் காணவில்லை என்று யாரும் தேடியதில்லை, தேடும்படி அவர் எங்கும் போனதுமில்லை. குணா, என்றார். நான் திண்டுக்கல் தாண்டல. வேடசந்தூர்ல சார்ஜுக்கு நிக்கறேன். ஒன்னு ஆகப் பத்து நிமிஷத்திலிருந்து இங்கதான் நிக்கறேன். அந்தப் பக்கம் பறைக்காரர்கள் தோலைக் காய்ச்சித் தட்டிப் பார்ப்பது கேட்டது. ஏன் மாமா அப்படிச் சொன்னீங்க என்றான் அவன். கோபமாகக் கேட்கவில்லை, அதுதான் தாங்கமுடியவில்லை. தெரியல குணா, என்றார். மூணுக்குள்ள வந்துருவீங்களா. வரேன் என்று சொல்லிவிடலாம். சொன்னால் காத்திருப்பார்கள். மனத்தில் எண்கள் தாமாக வரிசையில் வந்து நின்றன, முன்னால் இருக்கிற வண்டி எடுக்க, கன் மாட்ட, இருபத்திரண்டு ஏற, நாற்பத்தேழு ஓட. வர முடியாது, மூணு பத்து ஆயிடும் என்றார். குணசீலன் யாரிடமோ சொன்னான், சித்தப்பாவின் குரல், ராகு காலத்துல எப்படிப்பா எடுக்கறது, நாலரைக்கு மேல எடுத்தா காட்டுக்குப் போய் முடியறதுக்குள்ள இருட்டுக் கட்டிடும், வயசான பொம்பளையை இனியும் போட்டு வெக்கக்கூடாது, எங்க வீட்டுல ஒரு புதுச் சேலை இருக்கு, அதைப் பொறந்த வீட்டுக் கோடின்னு சொல்லிப் போட்டுடலாம் என்றது. குணசீலன் திரும்ப வந்து, மாமா என்றான். கேட்டுச்சு குணா, என்றார் செங்கோடன். வைத்துவிட்டார்.

கதவைத் திறந்து இறங்கினார். முழங்கால் உட்கார்ந்தே மரத்திருந்தது. பையை எடுத்துக் கொள்வதா விட்டுப் போவதா, எடுத்துக்கொண்டார், அதைக் கக்கத்தில் வைத்ததும் கைகளுக்கு ஒரு வேலை கிடைத்தது. ஓட்டலுக்குள் ஏசியின் குளிர் ஈரச் சட்டையில் அறைந்தது. மனிதர்கள், தட்டுகள், யாரோ சிரிக்கிற சத்தம், எல்லாரும் அவரைப் பார்ப்பதாக நினைத்தார், ஒருவரும் பார்க்கவில்லை. வாசலிலிருந்து ஜன்னலோர மேஜைக்குப் பதினெட்டு அடி. பன்னிரண்டாவது அடியில் நின்றுவிட்டார். அந்தக் கணவனுக்கு முப்பத்தைந்து இருக்கும், குறுந்தாடி, பாப்பாவின் வாயில் ஐஸ்கிரீமைத் துடைத்துக்கொண்டிருந்தான். மனைவி தலையில் துப்பட்டா போட்டிருந்தாள், வெந்நீரை ஆற்றிக்கொண்டிருந்தாள். இன்னும் ஆறு அடி. அருகே போய் நின்றார். அவர் இடம் தேடுகிறார் என்று நினைத்து அவன் நாற்காலியை நகர்த்தி, உக்காருங்கய்யா, யாரும் வரல என்றான்.

“உங்க வண்டி தொண்ணூத்தி ஒண்ணு,” என்றார் செங்கோடன். வாயில் முதலில் வந்தது எண்தான்.

“ஆமாங்க. கொடைக்கானல் போறோம், மலை ஏறணும்ல, அதான் ஃபுல்லா போட்டுட்டு இருக்கோம். நீங்க வெயிட் பண்றீங்களா? சொல்லியிருக்கலாமே.”

“எங்கக்கா செத்துப் போச்சுங்க. மூணு மணிக்குள்ள எடுக்கறாங்க. இது கோடி.” பையைச் சற்றுத் தூக்கிக் காட்டினார். காட்டிய பிறகு எங்கே வைப்பது என்று தெரியாமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

அந்தப் பெண்தான் முதலில் எழுந்தாள். தம்ளரை வைத்தாள், பாப்பாவைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். இம்தியாஸ், பில்லைப் பாருங்க என்றாள். பிறகு இவரிடம், “எந்த ஊருங்கய்யா?” என்றாள்.

“செம்பட்டிக்கு அந்தப் பக்கம். ரோட்டு மேலதான் ஊர்.”

“அப்ப எதுக்கு நீங்க சார்ஜ் போட்டுக்கிட்டு. நாங்க அந்த வழியாத்தானே போறோம். ஏறுங்க.”

அந்த வழியாகத்தான். கொடைக்கானலுக்குச் செம்பட்டி வழியாகத்தான் போக வேண்டும், இங்கிருந்து அதுதான் நேர் வழி, முப்பத்து நான்கு வருடம் அந்த வழி போகிற வண்டிகளுக்கு நேரம் போட்டவர். ஐம்பது நிமிடமாக அந்த வெள்ளைக் காரின் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார், அது எங்கே போகிறது என்று ஒரு தடவை கேட்கத் தோன்றவில்லை. வெளியே வந்தபோது வெயிலில் கண் கூசியது. மாயழகு ஓடிவந்தார், விஷயம் தெரிந்ததும், இதை மொதல்லயே சொல்ல வேண்டாமாங்க, நான் தட்டோட தூக்கிட்டு வந்திருப்பேனே அவங்களை என்றார். சாவியைக் கொடுங்க, உங்க வண்டியைச் சார்ஜுல போட்டு வெக்கறேன் என்றார். செங்கோடன் சாவியைக் கொடுத்தார், ஆனால் சார்ஜில் போட வேண்டாம் என்றார், நிறைந்த பிறகும் கன் அதிலேயே மாட்டியிருந்தால் பின்னால் வருகிறவன் நிற்க வேண்டும். ஓரமா தள்ளி நிறுத்தினாப் போதும். மாயழகு சிரித்தார், நல்ல ஆளுங்கய்யா நீங்க என்றார், அது பாராட்டா வேறா என்று பார்க்க நேரமில்லை. செங்கோடனுக்கு முன்சீட்டைக் கொடுத்தார்கள். அவளும் பாப்பாவும் பின்னால். இம்தியாஸ் கன்னைப் பிடுங்கிச் சார்ஜரில் மாட்டினான், தொண்ணூற்று இரண்டில் திரை அணைந்தது. ஒன்று நாற்பத்தேழுக்கு வண்டி ரோட்டில் ஏறியது. கொட்டகைக்கு வெளியே அவருடைய சின்ன வண்டி ஒன்பதோடு நின்றது, யாருடையதோ போல. எண்பதில் போனான் இம்தியாஸ், தேவையானால் தொண்ணூறு. செங்கோடன் கிலோமீட்டர் கல்லைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், அடுத்த கல்லைப் பார்த்தார். நாலு கல் ஓடும் வரை பார்த்து, திண்டுக்கல்லுக்கு அப்புறம் குறுகல் ரோட்டுக்கு ஒன்பது நிமிடம், பைபாஸில் சிக்னலுக்கு மூன்று நிமிடம், செம்பட்டி முக்கில் இரண்டு நிமிடம் சேர்த்து, போனை எடுத்தார். குணசீலன் முதல் மணியிலேயே எடுத்தான்.

“குணா, வேற ஒருத்தர் வண்டியில வந்துட்டிருக்கேன். ரெண்டு முப்பத்தாறு.”

போனைக் கையால் மூடாமலேயே அவன் அங்கே இருந்தவர்களிடம் சொல்வது கேட்டது. “சித்தப்பா, அந்தச் சேலையை உள்ள வைங்க. மாமா ரெண்டு முப்பத்தாறுங்கறாரு.” திண்டுக்கல் தாண்டினேன்னும்தான் சொன்னாரு என்றது சித்தப்பாவின் குரல். “அது வேற,” என்றான் குணசீலன். “இப்ப நிமிஷம் சொல்லியிருக்காரு. வந்துருவாரு.”

செங்கோடன் போனைச் சட்டைப் பையில் போட்டார். பையைத் தொடையில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பிளாஸ்டிக்குக்குள் சேலை வழுக்கியது. ஜன்னலுக்கு வெளியே காற்று இப்போதும் அடித்துக்கொண்டுதான் இருந்தது, வேலிக்காத்தான் முள்ளெல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருந்தது, ஆனால் இந்த வண்டிக்குள் அது கேட்கவில்லை. இனி ஏழு மணிக்கு என்ன செய்வது என்று முதல் தடவையாக யோசித்தார். ஏழு வரும். அது வந்தே தீரும். சாமான் கழுவி வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், போன் எதிரே இருக்கும், ஏழு ஒன்று ஆகும், ஏழு இரண்டு ஆகும், அதற்கு எதில் எழுதுவது. பின்னால் பாப்பா அவரைச் சுட்டி என்னமோ கேட்டது, அந்தப் பெண் அதன் காதில் ஏதோ சொல்லி அடக்கினாள். பிறகு சீட்டுக்கு இடையில் முகத்தை நீட்டி, மெதுவாக, “அக்கா பேரு என்னங்கய்யா?” என்றாள்.

பேர். மூத்தவள் பேரைத் தம்பி சொல்லக்கூடாது என்று சின்ன வயதில் அம்மா வாயிலேயே ஒன்று போட்டிருக்கிறாள். ரேஷன் கார்டில் எழுதிய பேர், கல்யாணப் பத்திரிகையில் அடித்த பேர், வேறு யார் யாரோ கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார். அவருக்கு அக்கா, அவ்வளவுதான். போனில்கூட அக்கா என்றுதான் மகன் பதிந்து கொடுத்திருந்தான். வாயைத் திறந்தார். முதலில் காற்றுதான் வந்தது.

“பாவாயி,” என்றார். யாரோ தூரத்து மனுஷியின் பேர் மாதிரி இருந்தது. அதனால் இன்னொரு தடவையும் சொன்னார்.